பெயாரிங் தேய்ந்தால் மோட்டாரை வீசவேண்டாம்

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். 1974ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலியில். ஊர்ச்சனம் பேச்சில் 'தின்னவேலி' என்பார்கள். (தமிழ்நாட்டுத் திருநெல்வேலி வேறு ஊர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அங்கே அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வளவுக்குள் கிணறு, கிணற்றடியில் ஒரு தண்ணீர் மோட்டார், மேலே ஒரு தாங்கி என்று சொல்வார்கள். ஆறு இல்லாத ஊர் அது. நிலத்தடிச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்று நீர். மோட்டார் நின்றுபோனால் குளிப்பும் இல்லை, தோட்டத்துக்கு இறைப்பும் இல்லை.

நம் பக்கத்திலும் காலம் மாறிவிட்டது. லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போன குடும்பங்கள் தாங்கி வைக்கின்றன. மரக்கறி போடுகிறவர்கள் ஓடையிலிருந்து மோட்டாரால் இறைக்கிறார்கள். வேறு சில இளைஞர்கள் புல் வெட்டும் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு பங்களா, பாடசாலை, ஹோட்டல் என்று கூலிக்கு வெட்டப் போகிறார்கள். இந்த இரண்டு இயந்திரத்திலும் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே சாமான்தான்: பெயாரிங். அது கெட்டவுடன் "மோட்டார் போயிட்டுது" என்று பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நட்டம் தேவையில்லாதது. ஆகவே இம்முறைப் பாடம் பெயாரிங் மாற்றுவது.

பெயாரிங் என்றால் ஒரு உள் வளையம், ஒரு வெளி வளையம், நடுவில் உருளும் குண்டுகள். உள் வளையம் சுழலும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும். வெளி வளையம் கூட்டுக்குள் அசையாமல் இருக்கும். பெயாரிங் வரலாற்றில் பெரிய பெயரான சுவீடன்காரர் ஸ்வென் விங்குவிஸ்ட்டும் நம்மைப் போல ஆலை வேலைக்காரர்தான். கோத்தன்பர்க் நகரத் துணி ஆலையில் பராமரிப்புப் பொறியியலாளராக இருந்தவர். களிமண் தரை இறங்க இறங்க ஷாஃப்ட் கோணிப் பெயாரிங் உடைவதைப் பார்த்து, கோணலைத் தாங்கும் பெயாரிங்கை 1907இல் கண்டுபிடித்தார். எஸ்.கே.எப். கம்பனி பிறந்தது அப்படித்தான்.

கெட்டதை எப்படி அறிவது? மோட்டார் ஓடும்போது 'கரகர' என்று அரைக்கும் சத்தம் வரும். நீண்ட திருப்புளியின் நுனியை மோட்டார் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். முன்பக்கமா பின்பக்கமா என்று காதே சொல்லிவிடும். கரண்டை நிறுத்தியபின் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் கலந்ததுபோல உரசினாலோ, ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினாலோ பெயாரிங் முடிந்தது.

பிரிக்கு முன் பாதுகாப்பு. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். பிளக் இல்லாமல் நேரே வயர் கொடுத்திருந்தால் மெயின் சுவிட்சை இறக்குங்கள். கொண்டென்சர் என்ற சிறு உருளைக்குள் கரண்ட் நிறுத்தியபிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய இழை பல்ப் ஒன்றின் இரண்டு வயரை அதன் இரண்டு முனையிலும் பிடித்து அதை இறக்கிவிட்டே கைவைக்க வேண்டும். எந்த வயர் எங்கே இருந்தது என்று போனில் படம் பிடித்து வையுங்கள். வயர் வேலை பழக்கமில்லாதவர் அந்தப் பாகத்தை எலக்ட்ரீசியனிடம் விடுவதே நல்லது; அதில் வெட்கமில்லை.

இனிப் பிரிக்கலாம். மூடிகளுக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு அடையாளக் கோடு கீறிவிட்டு, தண்ணீர்ப் பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் இறக்கைச் சக்கரம்தான் இம்பெல்லர். சிறிய மோட்டாரில் பெரும்பாலும் அது ஷாஃப்ட்டில் திருகி இருக்கும். பின்பக்கம் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு திருகி எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு வருவது சீல். பிறகு பின்பக்க விசிறி, நீள போல்ட்டுகள், மூடி. பின்மூடிக்குள் நெளிந்த மெல்லிய வாஷர் ஒன்று இருக்கலாம். அதைத் தொலைத்தால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும், தீப்பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

புல்லர் இருந்தால் பெயாரிங் சுலபமாகக் கழன்று வரும். இல்லையென்றால் பெயாரிங்கை இரண்டு இரும்புத் துண்டுகளின் மேல் தாங்கவைத்து, ஷாஃப்ட் நுனியில் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். வெறும் சுத்தியலால் நுனியில் அடித்தால் மரை நசுங்கி, இம்பெல்லர் திரும்ப ஏறாது.

கழற்றிய பெயாரிங்கின் ஓரத்தில் 6203, 6204 என்று ஒரு எண் இருக்கும். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் மில்லிமீற்றர் அளவு: 04 என்றால் 20, 05 என்றால் 25. அதற்குக் கீழே மட்டும் கணக்கு மாறும். 00, 01, 02, 03 என்பவை 10, 12, 15, 17. எண் அழிந்திருந்தால் அளந்து பாருங்கள். துளை 17, வெளி 40, தடிப்பு 12 என்றால் 6203. துளை 20, வெளி 47, தடிப்பு 14 என்றால் 6204. எந்த நாட்டுக் கம்பனி செய்தாலும் இந்த அளவு ஒன்றே. எண்ணுக்குப் பின்னால் இசட்.இசட். என்றிருந்தால் தகர மூடி, ஆர்.எஸ். என்றிருந்தால் றப்பர் மூடி. தண்ணீரும் தூசியும் படும் இடத்துக்கு இரண்டு பக்கமும் றப்பர் மூடியுள்ளதே நல்லது. சி3 என்றும் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். பேர்போன கம்பனியின் பெயரோடு போலிச் சாமானும் கடைகளில் திரிகிறது. பாதி விலைக்கு ஒருவர் நீட்டினால் சந்தேகப்படுங்கள்.

இப்போது பாடத்தின் முக்கியமான இடம். புதுப் பெயாரிங்கைப் போடும்போது எந்த வளையம் இறுக்கமாக ஏறுகிறதோ, அந்த வளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். மோட்டாரில் உள் வளையம்தான் ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறும். ஆகவே உள் வளையத்தில் மட்டும் படும்படியான ஒரு குழாய்த் துண்டை வைத்து, நேராக, மெல்ல மெல்லத் தட்டுங்கள். வெளி வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் பாதையில் பள்ளம் போடும். கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரும் ஓடும். கொஞ்ச நாளில் அதே 'கரகர' வரும். "சாமான் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை போடுவதில் பாதி இந்த அடியால் வந்த வினைதான்.

ஏறாவிட்டால் பலம் காட்டாதீர்கள். பெயாரிங்கைப் பொலித்தீன் பைக்குள் தண்ணீர் புகாமல் கட்டிச் சுடுநீரில் வையுங்கள். 60 பாகை சூடு கூடினால் 17 மி.மீ. துளை 0.01 மி.மீ. அளவுக்கு விரியும். கேட்க ஒன்றுமில்லைபோல இருக்கும். ஆனால் இறுக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அடுப்பு நெருப்பில் காட்டினால் கிறீஸும் றப்பரும் கருகிவிடும்.

ஆனால் பெயாரிங் ஏன் கெட்டது என்று பார்க்காமல் மூடினால், இவ்வளவு பாடும் வீண். தண்ணீர் மோட்டாரில் பெரும்பாலும் குற்றவாளி அந்தச் சீல். அதைக் குளிரவைப்பதே ஓடும் தண்ணீர்தான். திருநெல்வேலியில் பெருமழை ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் முடிந்துவிடும். அடுத்த ஆடி, ஆவணியில் கிணறு இறங்க, மோட்டார் காற்றை உறிஞ்சும். சீல் காய்ந்து தேயும். ஒழுகும் தண்ணீர் ஷாஃப்ட் வழியாக முன் பெயாரிங்குக்குள் போகும். சுண்ணாம்பு கலந்த தண்ணீரானபடியால் உப்பும் படிந்து உரசும். நம் மலைநாட்டில் சுண்ணாம்புத் தொல்லை குறைவு. இங்கே மாசி, பங்குனியில் ஓடை வற்றிச் சேறும் மணலும் ஏறும், அல்லது இலை அடைத்து மோட்டார் வெறுமனே ஓடும். இரண்டு ஊரிலும் முடிவு ஒன்றுதான். ஆகவே பெயாரிங்கோடு சீலையும் மாற்றுங்கள். சீலின் வழவழப்பான முகத்தை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். குழாய் முனையில் வலை கட்டுங்கள். மூடியபின் தண்ணீர் நிரப்பாமல் சுவிட்சைப் போடவே கூடாது. ஏர்த் வயரைத் திரும்பக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

தட்டுக்குக் கீழே பிளேட் சுழலும் புல் வெட்டும் இயந்திரத்தில், பட்டி இழுத்துச் சுற்றும் ஷாஃப்ட் ஒரு அலுமினியக் கூட்டுக்குள் இரண்டு பெயாரிங்கில் நிற்கும். முதலில் பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். இல்லையென்றால் பிளேட்டைத் திருப்பும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகலாம். பிளேட்டை மரக்கட்டையால் தடுத்து நட்டைக் கழற்றுங்கள். இங்கே பெரும்பாலும் வெளி வளையம்தான் கூட்டுக்குள் இறுக்கமாக இருக்கும். ஆகவே மேலே சொன்னதற்கு நேர்மாறாக, வெளி வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். பழைய பெயாரிங்கின் வெளி வளையத்தையே ஓரம் சற்று அராவி அதற்குப் பயன்படுத்தலாம். இரண்டு பெயாரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த்துண்டு வரும். அதை மறந்து நட்டை இறுக்கினால் இரண்டு உள் வளையமும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்குண்டு, புதுப் பெயாரிங் சீக்கிரமே சூடேறிப் போகும். இங்கே குற்றவாளி சீல் அல்ல: பிளேட்டுக்கு மேலே சுற்றிக்கொண்ட புல்லும் நைலோன் நூலும், வளைந்த பிளேட்டும், கழுவும்போது பெயாரிங் மேலேயே பாய்ச்சும் தண்ணீரும்தான்.

பெயாரிங் தானாகவே கூட்டுக்குள் விழுந்து சுற்றுமளவுக்குக் கூடு தேய்ந்திருந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. சிகரட் தகரம் சுற்றிச் செருகுவார்கள். அது நாலு நாள் வேலை. பிளேட் சுழலும் இடத்தில் அப்படி ஒட்டுப்போடுவது ஆபத்தும்கூட. லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், அல்லது கூட்டையே மாற்றுங்கள். பிளேட் நட்டை முறையாக இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்து, தட்டைக் கீழே இறக்கி, பிள்ளைகளைத் தூர நிறுத்தியபிறகுதான் எஞ்சினைப் போட வேண்டும்.