இந்த மாதப் பாடம்: ஆண்டவன் எதற்கு வைத்தாரோ?



ஆம்பூர் பக்கம் நம் உறுப்பினர் ஒருவர் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வேன் கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நாங்கள் பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். "எல்லாம் ஆண்டவன் சித்தம்மா, ஏதோ நல்லதுக்குத்தான்" என்று ஆளுக்கு ஒருவராகச் சொன்னோம். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில், தவணை கட்டவில்லை என்று அவருக்கு அபராதம் எழுதியதும் நாங்கள்தான். அதே வாய், அதே கை!

அதனால்தான் இந்தப் பாடம். கோயிலோ மசூதியோ சர்ச்சோ, நாம் எங்கே போய்க் கும்பிட்டாலும், கஷ்டத்துக்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கிறது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை எப்படி வரும்? நம்ம வேலூரிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

கேரளாவில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் படித்து, பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1954 ஜனவரியில், முப்பது வயதுகூட ஆகாதபோது, போன வண்டி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை. முகத்திலும் பெரிய தழும்பு. அவரும் தெய்வபக்தி உள்ளவர்தான். ஆனாலும் முதல் நாளே "இது கடவுள் நோக்கம்" என்று சிரித்துக்கொண்டு எழுந்து உட்காரவில்லை. ரொம்ப நாள் இருட்டுதான்.

அப்போது டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யலாமே என்று அவருக்கு வழி காட்டினார். அந்த ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். தொழுநோயில் நரம்பு கெட்டு, விரல்கள் மடங்கிப் போகும். நன்றாக இருக்கிற ஒரு தசைநாரை எடுத்து, வேறு இடத்தில் சேர்த்துத் தைத்துவிட்டால் விரல் மறுபடி நீளும். பிறகு அந்த நாருக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். மேரி அம்மா சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அந்தக் கைகளைச் சரிசெய்தார். (தொழுநோய்க்கு இப்போது அரசு ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை உண்டு. உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள்.)

பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உண்டானது. முதுகெலும்பில் அடிபட்டவர்கள் அங்கே சக்கர நாற்காலி ஓட்டவும், படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ளவும் கற்றார்கள். சொல்லிக் கொடுத்த டாக்டரே நாற்காலியில் இருந்தார்! 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் காலமானார்.

இந்த நிலையம் வரவேண்டும் என்றுதான் கடவுள் அன்றைக்கு வண்டியைக் கவிழ்த்தாரா? அப்படிச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தன் கஷ்டத்துக்கு என்ன அர்த்தம் என்று பட்டவர்தான் சொல்லலாம், அதுவும் அவருக்குத் தோன்றுகிற காலத்தில். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

நாங்கள் மறுபடி அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை உபதேசம் இல்லை. அபராதத்தை ரத்து செய்து, தவணையை ஆறு மாதம் தள்ளிவைத்த தீர்மானத்தைப் படித்துக் காட்டினோம். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க ஆள் முறை போட்டோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மனு எழுதினோம். இப்போது அவர் உட்கார்ந்து, வீட்டிலேயே ஷூ அப்பர் கையால் தைக்கிறார். இரண்டு குழுக்களுக்குக் கணக்கும் எழுதுகிறார்.

போன மாதம் மெதுவாகக் கேட்டோம். "ஆண்டவன் எதுக்கு வெச்சார்னு எனக்கு இன்னும் தெரியலக்கா. ஆனா உங்க பழைய கணக்குல பதினேழு ரூபா இடிக்குது" என்றார்.

அடுத்த கூட்டத்தில் பேச: உங்கள் குழுவில் இப்படி முடங்கிப்போனவர் யார்? அவருடைய தவணையை எத்தனை மாதம் தள்ளிவைக்க முடியும்? தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.