வாட்டம் பார்த்துப் போடு

அருப்புக்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நேற்று ராத்திரி நீ வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தேக்கு நிறத்தில் பலகை, பெட்டியின் மேல் 'நூறு சதவீதம் வாட்டர்புரூஃப்' என்று கொட்டை எழுத்து, அதற்குக் கீழே உன் கேள்வி: "மாமா, வீடு முழுக்க இதையே போட்டுடலாமா?" போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நீ வீடு கட்டுகிற சைட்டில் மிக்சர் மெஷின் சத்தத்துக்கு நடுவே பாதிதான் உன் காதில் விழும். மாப்பிள்ளையும் படிக்கட்டும், மேஸ்திரியிடமும் காட்டலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியில் இருப்பது பொய்யில்லை. எஸ்.பி.சி. என்கிற அந்தப் பலகை சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் சேர்த்து அழுத்தியது. வாளித் தண்ணீரில் ஒரு வாரம் போட்டு வைத்தாலும் ஊறாது. ஆனால் நனையாதது பலகை மட்டும்தான். அதைப் பொதுவாகத் தரையோடு ஒட்டுவதில்லை. ஒன்றோடொன்று கோத்துப் பரப்புகிறார்கள். வெயிலுக்கு விரியும் என்பதால் சுவரோரம் இடைவெளி விட்டு, அதன்மேல் ஸ்கர்ட்டிங் அடித்து மூடுகிறார்கள். சின்னவன் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் துடைத்துவிடலாம். வாஷிங் மெஷின் குழாய் கழன்று, நீ ஆபீஸிலிருந்து வருகிற வரைக்கும் ஓடினால்? அந்த ஓரத்து வழியாக அடியில் போய்த் தேங்கும். மேலே காய்ந்திருக்கும், அடியில் நாறும். பலகை பலகையாகக் கழற்றிக் காயவைக்க வேண்டும். மாடியில் பிள்ளைகள் படுக்கிற அறைக்கு வேண்டுமானால் போடு, மழைநாளில் காலுக்குச் சில்லென்று இருக்காது. கீழே வேண்டாம்.

மடிப்பாக்கத்தில் இருந்துகொண்டு கீழ்த்தளத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? 2015 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு நான் வந்து பார்த்தேனே. ஹாலில் இருந்த பழைய மொசைக்கைக் கழுவிவிட்டதும் பிழைத்துக்கொண்டது. படுக்கையறையில் ஆசையாகப் போட்ட லேமினேட் ஓரமெல்லாம் உப்பி, நடக்கிறவர் காலைத் தடுக்கியது. அது மரநாரை அழுத்திச் செய்தது. ஊறினால் திரும்ப இறங்காது. 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது வாசலில் மணல் மூட்டை அடுக்கினீர்கள், தண்ணீர் பாத்ரூம் வடிகுழியான நானி ட்ராப் வழியாக மேலேறி வந்தது. புது வீட்டுக்கு பேஸ்மென்ட்டை 4 அடி தூக்கியது நல்ல காரியம். அதோடு, வெளியே போகிற கழிவுக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பிளம்பரைப் போடச் சொல். தரை போட்ட பிறகு கேட்டால் தோண்ட வேண்டியிருக்கும்.

கீழ்த்தளத்துக்கு விட்ரிஃபைடு டைல்ஸ்தான் என் யோசனை. பெயரைக் கேட்டு நம்பி வாங்காதே. கடையில் ஒரு கல்லைத் திருப்பி, முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். சுவருக்குப் போடுகிற செராமிக் கல் சொட்டுச் சொட்டாகக் குடித்துவிடும்; தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீரை இழுக்கக்கூடியது அது. விட்ரிஃபைடு அரை சதவீதம்கூட இழுக்காது, சொட்டு அப்படியே நிற்கும். குஜராத் மோர்பியிலிருந்து வருகிற எத்தனையோ பெயர்களில் எது உயர்த்தி என்று கடைக்காரர் ஒரு மணி நேரம் பேசுவார். நீ பெட்டியில் ஐ.எஸ். 15622 என்ற எண் இருக்கிறதா, எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார். அதே பேட்ச்சில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வை.

மார்பிள் வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை என்று அக்கா சொன்னாள். அவரிடம் பக்குவமாகச் சொல்: புளிக்கரைசல் சிந்தினாலும் எலுமிச்சம்பழம் பிழிந்த கை பட்டாலும் அதன் பளபளப்பு அந்த இடத்தில் செத்துவிடும். நம் வீட்டுச் சமையலுக்கு அது தாங்காது. ஆத்தங்குடிக் கல் எனக்கு உயிர், உனக்குத் தெரியும். கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல், துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். ஆனாலும் சிமென்ட் கல்தானே, ஈரத்தையும் எண்ணெயையும் இழுக்கும். பூஜை அறைக்கும் முன்பக்கத் திண்ணைக்கும் போடு. பாத்ரூம் பக்கம் கொண்டு போகாதே.

இப்போது சொல்லப்போவதை நிதானமாகப் படி. தண்ணீர் ஏறாத கல்லின் மேல்தான் தண்ணீர் அப்படியே நிற்கும். நான் 2009-இல் வீடு கட்டியபோது முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்ட கல்லைத் தேடிப் பிடித்து வாங்கினேன். முப்பது வருஷம் சைட்டில் நின்றவன் நான். பின்கட்டில் கால் கழுவிவிட்டு ஈரக்காலோடு உள்ளே வந்த உன் அம்மாச்சி, அடுப்படி வாசலில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்து நடந்தாளே தவிர, அந்தப் பின்கட்டுக்கு அவள் திரும்பப் போகவேயில்லை. அவள் வைத்த முருங்கையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தாள். அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்த கை என் கைதான். உன் வீட்டில் சம்பந்தியம்மாவுக்கு எழுபத்துநாலு. பிள்ளைகள் இரண்டும் குளித்துவிட்டுத் துண்டோடு ஹாலில் ஓடுகிற வயசு.

அதனால் ஹாலுக்கு மேட் ஃபினிஷ் எடு. பாத்ரூம், பின்பக்கம் துணி துவைக்கிற இடம், வெளிப்படி இவற்றுக்கு வழுக்காத கல் எடு. ஆர்9, ஆர்10, ஆர்11 என்று எண் சொல்வார்கள். எண் ஏற ஏறப் பிடிப்பு கூடும். ஈரம் படுகிற இடத்துக்கு ஆர்10-க்குக் குறையாமல் கேள். எண்ணைக் கேட்டதோடு விடாதே. மாதிரிக் கல்லைத் தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று கூச்சப்படாதே. அதற்காக ரொம்பச் சொரசொரப்பாகவும் வேண்டாம், அழுக்கு பிடித்துக்கொண்டால் தேய்த்துத் தேய்த்து உன் கைதான் ஓயும்.

கல்லை வாங்கி இறக்கிவிட்டால் தரை முடிந்தது என்று நினைக்கிறோம். வேலையே அதன் பிறகுதான். ஒட்டுகிறவர் சிமென்ட் பாலை ஊற்றிக் கல்லை வைத்துத் தட்டிக்கொண்டே போவார். தண்ணீரை இழுக்காத கல் சிமென்ட் பாலையும் இழுக்காது, சரியாகப் பிடிக்காது. டைல்ஸ் ஒட்டுகிற பசைக் கலவையைப் பல்கரண்டியால் முழுக்க இழுத்து ஒட்டச் சொல். காய்ந்த பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு கல்லின் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பார். பொக்கென்று சத்தம் வந்தால் அடியில் காற்று இருக்கிறது. நாளைக்குத் தண்ணீர் அங்கேதான் குடியேறும். கூச்சமில்லாமல் எடுத்து மறுபடி ஒட்டச் சொல்.

கல்லுக்குக் கல் இடிக்க ஒட்டினால் அழகு என்பார்கள். ஒத்துக்கொள்ளாதே. ஸ்பேசர் வைத்து 2, 3 மில்லிமீட்டர் விடட்டும். வெறும் ஒயிட் சிமென்ட் தேய்த்த இடுக்கு கொஞ்ச நாளில் கறுத்து உதிர்ந்துவிடும். அடுப்படி, பாத்ரூம், துவைக்கிற இடம் மூன்றுக்கும் எபாக்சி கிரவுட் போடு. விலை கூடத்தான். அந்தப் பணத்தை ஹாலில் கொஞ்சம் மலிவான கல் எடுத்து ஈடுகட்டிக்கொள். கலக்கியதும் சீக்கிரம் இறுகிவிடும் சாமான் அது, அன்றைக்கே கல்லின் மேல் படிந்ததைத் துடைத்துவிட வேண்டும். பிறகு பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை வீட்டுக்குள்ளேயே விடாதே, சிமென்ட் இடுக்கை அது தின்றுவிடும்.

பாத்ரூம்தான் எனக்கு உறக்கம் கெடுக்கிற இடம். கல்லும் கிரவுட்டும் மேல்சட்டை மாதிரி. தண்ணீரைத் தடுக்க வேண்டியது அதற்கு அடியில் இருக்கிற பூச்சு. தாழ்த்திப் போட்ட ஸ்லாபில் பைப் லைனை முடித்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகுதான் பூச வேண்டும். சிமென்டும் பாலிமர் திரவமும் கலந்த இரட்டைக் கலவையை இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. தரையும் சுவரும் சேருகிற மூலையை முதலில் கலவையால் உருட்டி விட வேண்டும், விரிசல் எப்போதும் அங்கேதான் பிறக்கும். சுவரில் ஓரடி ஏற்று. ஷவர் இருக்கிற சுவரில் 6 அடி. பூசி முடித்த பிறகு பிளம்பர் உளியோடு உள்ளே வந்தால் அன்றைக்கே மறுபடி பூசு.

வாட்டத்தை நீயே நின்று பார். ட்ராப்பை நோக்கி 4 அடிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். ரசமட்டம் வைப்பார்கள், சரி. நீ ஒரு குவளைத் தண்ணீரைக் கதவோரம் ஊற்று. அது எங்கேயும் யோசித்து நிற்காமல் குழிக்குப் போக வேண்டும். பாத்ரூம் தரை ஹாலைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். சம்பந்தியம்மா அறையோடு சேர்ந்த பாத்ரூமுக்கு மட்டும் அரை அங்குலம் போதும், கால் தடுக்கக் கூடாது. அந்த அரை அங்குலத்தை உள்ளே வாட்டத்தில் கூட்டிக்கொள்ளச் சொல். துவைக்கிற இடத்திலும் ஒரு ட்ராப் வை, வரைபடத்தில் அது இல்லை.

டைல்ஸுக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுக்காதே, முதலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். பூச்சு காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், 48 மணி நேரம். அந்தத் தேதியை ஒரு வாரம் முன்னால் சொல், முந்தின நாள் ராத்திரி ரயிலில் ஏறிவிடுகிறேன். சுவரில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் கரியால் ஒரு கோடு போட்டு வைப்போம். மாடி பாத்ரூமுக்குக் கீழே நின்று ஸ்லாபைத் தடவிப் பார்க்க ஏணி ஒன்று தயாராக வைக்கச் சொல், மேஸ்திரியை.

அக்காவைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்குக் காரச் சீவலும் கருப்பட்டி மிட்டாயும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மாமா