தூக்கத்தை அதட்டி வரவழைக்க முடியாது

சென்னையில் குறைந்த வருமானத்தில் வாழும் 452 பேரின் மணிக்கட்டில், தூக்கத்தை அளக்கும் சிறு கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட் உள்ளிட்ட ஐந்து பொருளாதார அறிஞர்கள் நடத்திய அந்த ஆய்வு, 2021-இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் வெளிவந்தது. அந்த மனிதர்கள் இரவில் படுக்கையில் கழித்தது ஏறத்தாழ எட்டு மணி நேரம். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம்தான். மிச்ச நேரம் விட்டு விட்டு விழித்ததில் போயிருக்கிறது. புழுக்கம், கொசு, சத்தம், வெளிச்சம், நெருக்கடியான இடம் என்று காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தூக்கத்தைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படுவதில் பாதி, தூங்காதவர்மேல் பழிபோடும் பேச்சு. குழந்தை என்றால் பிடிவாதம், பத்தாம் வகுப்புப் பிள்ளை என்றால் சோம்பேறித்தனம், பெரியவர் என்றால் "கண்டதையும் யோசிக்கிறார்". தாம்பரம், சேலையூர், முடிச்சூர், மேடவாக்கம் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்று காதில் விழும். மூன்றுமே பெரும்பாலும் தவறு.

"எட்டு மணி நேரம் படுத்தாச்சே, அப்புறம் என்ன?"

படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு. ஆழ்ந்து தூங்க உடலின் உள்சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்க வேண்டும். மே மாதத்தில் மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் அது லேசில் நடக்காது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட், நள்ளிரவு தாண்டியும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஏசி வாங்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். வெயில் இறங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம். கனத்த மெத்தையைத் தூக்கி வைத்துவிட்டுக் கோரைப்பாயில் படுக்கலாம். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு குளிப்பதும் நல்லது. ஆனால் பச்சைத் தண்ணீரைவிட வெந்நீர்தான் இதற்கு உதவும். சுடுநீர் பட்டதும் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி, உள்சூடு கை கால் வழியாக வெளியேறுகிறது. இது தொடர்பான பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2019-இல் இதையே சொன்னார்கள்.

அடுத்தது கொசு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் ஏரிகளையும் ஒட்டி வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. கொசு இல்லாத இரவு கிடையாது. அதற்காகக் கதவு ஜன்னலை அடைத்துக் கொசுவத்திச் சுருளைக் கொளுத்திவிட்டுப் படுக்கிறோம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. காசநோய்க்காக 1928-இல் தொடங்கிய 'சானடோரியம்' என்ற நெஞ்சக மருத்துவமனையின் பெயரையே ரயில் நிலையத்துக்கு வைத்திருக்கும் தாம்பரம் பகுதி இது. இங்கே ஒரு குழந்தை ராத்திரி முழுக்க அந்தப் புகையைச் சுவாசித்து இருமிவிட்டு, விடிந்ததும் "தூங்கவே மாட்டேங்குது" என்று பெயர் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. பரணில் போட்ட கொசுவலையை இறக்கிக் கட்டுங்கள். புகை இல்லை, மருந்து இல்லை, இரவில் கடிக்கும் கொசுக்கள் பரப்பும் நோய்களுக்கு அதுதான் முதல் காவல். டெங்கு கொசு பகலில் கடிப்பதால் பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

சத்தத்துக்குச் சட்டமே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, சில விதிவிலக்குகள் தவிர, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா ஆகட்டும், கல்யாண மண்டபம் ஆகட்டும், கட்சிக் கூட்டம் ஆகட்டும், பத்து மணிக்கு மைக்கை அணைக்கச் சொல்வது யாருடைய பக்திக்கும் எதிரானதல்ல. அந்தத் தெருவில் மறுநாள் பரீட்சை எழுதும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும்.

"பகல்ல தூங்குறவன் உருப்பட மாட்டான்"

மேலே சொன்ன சென்னை ஆய்வின் சுவையான பகுதி இங்கேதான் வருகிறது. ஒரு பிரிவினருக்கு ஆலோசனையும் கண்மறைப்பும் காதடைப்பானும் கொடுத்து, இரவுத் தூக்கத்தைச் சராசரியாக 27 நிமிடம் கூட்டினார்கள். அவர்கள் செய்துவந்த கணினித் தரவுப் பதிவு வேலையில் அதனால் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அதே ஆய்வில் வேறு சிலருக்கு, வேலை செய்யும் இடத்திலேயே மதியம் அரை மணி நேரம் அமைதியாகத் தூங்க இடம் கொடுத்தார்கள். அவர்களுடைய கவனம் கூடியது, மனம் தெளிந்தது, வேலையின் வேகமும் உயர்ந்தது. தூங்கிய அரை மணியில் வேலை நடக்கவில்லை என்பதால் மொத்த வருமானத்தில் கொஞ்சம் இழப்பு இருந்ததையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. இரவில் கிடைத்தது துண்டு துண்டான தூக்கம், மதியம் கிடைத்தது நல்ல தூக்கம்; வித்தியாசம் அதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ஆகவே மதியம் இருபது, முப்பது நிமிடம் கண்ணயர்வது தப்பே இல்லை. மூன்று மணிக்கு மேல் வேண்டாம். இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் மட்டும் பகல் தூக்கத்தை அடியோடு விட்டுப் பார்க்கலாம். சானடோரியத்தின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருப்பவர்கள், சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் சாய்ந்து படுக்க ஓர் அறை ஒதுக்கினால் பெரிதாக நஷ்டப்பட மாட்டார்கள்.

"நல்லா ஓட விட்டா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடும்"

குழந்தையைப் பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் இரவு சீக்கிரம் தூங்கும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். பல நேரம் நடப்பது நேர்மாறு. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தையின் உடலில் விழிப்பைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடலாம். அது ஓடும், குதிக்கும், காரணமில்லாமல் அழும். "இதுக்கு எங்கேருந்துதான் இவ்ளோ தெம்பு வருதோ" என்று நாம் வியக்கிற அந்த நேரம், அது தூங்கியிருக்க வேண்டிய நேரம் கடந்துவிட்ட நேரம்.

ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று முதல் ஐந்து வயதில் 10 முதல் 13, ஆறு முதல் பன்னிரண்டு வரை 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வகுத்த அளவு. பள்ளி வேனுக்காகக் காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய ஏழு வயதுப் பிள்ளை, இரவு ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும். நம் வீடுகளில் ஒன்பது மணிக்குத்தான் அப்பா பீச் – தாம்பரம் ரயிலில் இருந்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்கிறார். நாள் முழுக்கக் காத்திருந்த குழந்தை அவர்மேல் ஏறிக் குதிக்கிறது. அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விளையாட்டைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, இரவில் விளக்கணைத்த அறையில் கதை சொல்லும் வேலையை அப்பாவிடம் ஒப்படைத்தால் இரண்டும் நடக்கும்.

குளியல், உடம்பு நீவிவிடுதல், தாலாட்டோ கதையோ என ஒரே வரிசையில் தினமும் ஒரே நேரத்தில் செய்வது எவ்வளவு பலன் தரும் என்று ஜோடி மிண்டெல் என்ற குழந்தைத் தூக்க ஆய்வாளர் 2009-இல் 405 தாய்மார்களிடம் சோதித்துப் பார்த்தார். இரண்டு வாரத்தில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கின. இரவில் விழிப்பதும் குறைந்தது. அம்மாக்களின் மனநிலையும் தேறியது. நம் பாட்டிகள் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, தூளியில் போட்டுப் பாடியதும் இதே வரிசைதான். தூளியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தட்டையான உறுதியான படுக்கையே பாதுகாப்பு. தூளியில் தாடை நெஞ்சில் இடித்தபடி சுருண்டு கிடந்தால் மூச்சுக்குழல் அடைபடலாம். தூங்கியதும் எடுத்துப் படுக்கையில் போட்டுவிடுங்கள். பெரிய பிள்ளைகள் தூளித் துணியில் விளையாடுவதை அனுமதிக்கவே கூடாது. கழுத்து இறுகி உயிர் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

"எல்லாரும் ஒரே அறையில் படுப்பதுதான் கோளாறு, தனியறை கொடுங்கள்" என்று சில புத்தகங்கள் சொல்லும். ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்காரர்கள் இதற்காக வருத்தப்பட வேண்டாம். பெற்றோர் இருக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் கைக்குழந்தையைப் படுக்கவைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது. ஒரே அறையில் படுப்பது சிக்கலில்லை. குழந்தை தூங்கும் அறையில் சீரியல் ஓடுவதும், தலைமாட்டில் ஒருவர் ரீல்ஸ் பார்ப்பதும்தான் சிக்கல்.

"பூச்சாண்டி வர்றான், கண்ணை மூடு!"

பயந்த உடம்பு விழித்துக்கொண்டிருக்கும், அது தற்காப்பு. கண்ணை இறுக மூடிக்கொண்டு நெஞ்சு படபடக்கக் கிடக்கும் குழந்தையைப் பார்த்து, தூங்கிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். இருட்டு என்றாலே ஆபத்து என்று அது கற்றுக்கொள்கிறது. இந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

"ஒரு ஸ்பூன் சிரப் கொடு, தூங்கிடும்"

சளி மருந்தில் உள்ள சில பொருட்கள் மயக்கம் தரும் என்பதால், ரயில் பயணத்துக்கும் அடம்பிடிக்கும் இரவுக்கும் அதைக் கைமருந்தாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு அது மயக்கம் தருவதற்குப் பதில் படபடப்பைத் தரும். அளவு கூடினால் மூச்சையே மந்தமாக்கும். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

2025-இல் நடந்ததை மறக்க முடியாது. நமக்குப் பக்கத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அதைத் தூங்கவைக்கக் கொடுக்கவில்லை, சளிக்காகத்தான் கொடுத்தார்கள். அப்படியிருக்க, நோயே இல்லாத குழந்தைக்கு எதற்காக அந்த ஸ்பூன்?

"விடியற்காலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும்"

இரவு எட்டு மணிக்கே படுத்துத் தூங்கிவிட்டவருக்கு நான்கு மணிப் படிப்பு நல்லதே. பதினொன்றரைக்குப் படுத்த பிளஸ் டூ மாணவியை நான்கு மணிக்கு எழுப்புவது, அவள் முந்தின நாள் படித்ததையும் சேர்த்து அழிப்பது. படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான். வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது; மெலடோனின் சுரப்பதே தாமதமாகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராததும் ஆறு மணிக்கு எழ முடியாததும் அவர்கள் செய்கிற குறும்பல்ல. இதற்காகவே உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல் கேட்டுக்கொண்டது. ஐந்தரை மணி டியூஷன் நடத்துபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

"எனக்கு அஞ்சு மணி நேரம் போதும்" என்று பெருமைப்படும் பெரியவர்களும்தான். 2003-இல் வான் டோங்கன் குழுவினர், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு அறவே தூங்காதவர்களுடையதைப் போலச் சரிந்ததைக் காட்டினார்கள். தங்கள் கவனம் இவ்வளவு சரிந்திருப்பது அவர்களுக்கே தெரியவில்லை. சோழிங்கநல்லூரில் இரவுப் பணி முடித்து ஜி.எஸ்.டி. சாலையில் பைக் ஓட்டி வருகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவர்கள் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிவதும், அறையை நன்றாக இருட்டாக்குவதும், விடுமுறை நாளிலும் தூங்கும் நேரத்தை அதிகம் மாற்றாமல் இருப்பதும் நன்றாகத் தூங்க உதவும். பகலில் அவர்கள் தூங்கும்போது காலிங் பெல்லை அணைத்து வைப்பது வீட்டாரின் கடமை.

"ஒரு கட்டிங் போட்டா நல்லா தூக்கம் வரும்"

கண் செருகும், தூக்கம் நிலைக்காது. பின்னிரவுத் தூக்கத்தை மது கலைத்துப்போடும், கனவுத் தூக்கத்தைக் குறைக்கும், குறட்டையை மோசமாக்கும். சாயங்கால ஃபில்டர் காபியும் லேசுப்பட்டதல்ல: குடித்த கஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்குவது சட்டத்துக்கும் புறம்பு, உடம்புக்கும் கேடு; வயதானவர்கள் இரவில் எழும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள அது ஒரு காரணம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி என்று 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்' என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. அதன் முதல் பாடத்தை வீட்டிலேயே செய்யலாம்: இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வெளியே வந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்காருங்கள். கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குப் போங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள்.

"என்னமா குறட்டை விடுறார், அசந்து தூங்குறார்!"

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். குறட்டை, ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் அல்ல. காற்று போகும் வழி குறுகியிருப்பதன் அடையாளம். குறட்டைக்கு நடுவே சத்தம் நின்று, பிறகு திணறலோடு மூச்சு வந்தால், அவர் இரவில் பலமுறை மூச்சு நின்று விழிக்கிறார். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவது, காலைத் தலைவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம் எல்லாம் இதனோடு சேர்ந்து வரும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அடினாய்டு, டான்சில் வீக்கத்தால் இது வருகிறது. வாயைத் திறந்தே தூங்குவார்கள், படுக்கையை நனைப்பார்கள், பகலில் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். பள்ளியில் "துறுதுறு" என்றோ "மந்தம்" என்றோ முத்திரை விழும். வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ குறட்டை விடும் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும், பெரியவரை நுரையீரல் மருத்துவரிடமும் இந்த மாதமே கூட்டிப்போங்கள். ஒரு நிமிடக் குறட்டையைக் கைபேசியில் பதிவுசெய்து கொண்டுபோனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.