புறப்படும் பறவைகளைக் குறித்து வையுங்கள்

கேரளத்தின் பாறசாலை ஏலாக்களிலும் (வயல்வெளிகளிலும்) பூவார் பொழிமுகத்திலும் குளிர்காலம் கழிக்கும் வலசைப் பறவைகள் மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்புகின்றன. முதலில் பார்த்த நாளைப் பலரும் எழுதி வைப்பார்கள். கடைசியாகப் பார்த்த நாள்தான் கிடைப்பதற்கு அரிது. அதனால் தகைவிலானும் வாலாட்டியும் கண்ணில் படாத நாளிலும், பார்த்த மற்ற பறவைகளைப் பட்டியலிடுங்கள்.

நாள், நேரம், இடம், எண்ணிக்கை, இவற்றோடு இறகின் நிறமும் முக்கியம். பொன்னிற உப்புக்கொத்தியின் முகத்திலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாகக் கருமை படர்ந்தால், அது இனப்பெருக்கக் கோலம். சைபீரியப் பக்கம் கிளம்பப் போகிறது.

குறிப்புகளை இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றலாம், கட்டணமில்லை. 2015 முதல் 2020 வரை கேரளப் பறவை வரைபடத்துக்கு உழைத்தவர்களும் தன்னார்வலர்களே. கூடு இருக்கும் இடத்தை மட்டும் தயவுசெய்து யாருடனும் பகிராதீர்கள்.