வேலையோடு ஒரு முதுமாணிப் படிப்பு

“வேலை செய்துகொண்டே படிக்கலாம். உங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம்.” கணினித்துறைப் பட்டப்பின்படிப்புகள் பற்றிய விளம்பரங்களில் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். எனது ராத்தா தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கல்முனையில் எங்கள் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் சோதனை வேலை செய்கிறார். அவருக்கு மூன்று வயதில் ஒரு மகள். முதுமாணிப் பட்டம் ஒன்று படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். அந்தப் படிப்பின் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி பாடநெறி வழியிலான முதுமாணிப் பட்டத்துக்கு 30 கிரெடிட்கள் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. அதில் 15 மணித்தியாலம்தான் விரிவுரை. மீதி 35 மணித்தியாலமும் வாசிப்பு, ஒப்படை, பரீட்சை ஆயத்தம். ஆக மொத்தம் 1500 மணித்தியாலங்கள். இரண்டு வருடத்தில் முடிப்பதென்றால் லீவு ஒன்றும் இல்லாமல் கிழமைக்கு 14 மணித்தியாலத்துக்கு மேல் தேவை. நெகிழ்வான படிப்பு என்றால் இந்த 1500 குறைந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். குறையாது. எப்போது, எங்கே இருந்து படிப்பது என்பது மட்டும்தான் மாறும்.

எமது நாட்டில் வேலை செய்பவர்களுக்காக வார இறுதி வகுப்புகள் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் இதற்குப் பெயர் பெற்றவை. கொழும்பிலோ கம்பஹாவிலோ இருப்பவருக்கு அது உண்மையிலேயே வசதிதான். கல்முனையில் இருப்பவர் வெள்ளி இரவு பஸ் ஏறினால் சுபஹ் நேரத்தில் கொழும்பில் இறங்கலாம். ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். திங்கள் காலை வேலை. சிறு பிள்ளையை விட்டுவிட்டு வாராவாரம் இதைச் செய்ய ராத்தாவால் முடியாது.

அதனால் அவர் தேடிப் பிடித்தது அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜோர்ஜியா டெக் நிறுவனத்தின் இணையவழிக் கணினி விஞ்ஞான முதுமாணி. 2014 ஜனவரியில் தொடங்கிய இந்தப் பாடநெறிக்கு அப்போது முழுச் செலவும் 7000 டொலருக்குள் அடங்கியது. நேரில் சென்று படிக்க அதைப்போல பல மடங்கு வேண்டும். ஆனால் பட்டம் ஒன்றே. சான்றிதழில் “இணையவழி” என்ற சொல் இருக்காது. பத்துப் பாடங்கள், ஒரு பருவத்துக்கு ஒன்று மட்டும் எடுக்கலாம், ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம். முதல் வருடத்தில் இரண்டு அடிப்படைப் பாடங்களில் ‘பி’ தரமாவது பெறவேண்டும் என்பதுதான் இறுக்கமான நிபந்தனை.

இந்தப் பாடநெறியைப் பற்றிப் பொருளியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். விண்ணப்பித்தவர்களின் சராசரி வயது அண்ணளவாக 34. நேரடி வகுப்புக்கு விண்ணப்பித்தவர்களுக்கோ 24. இதில் இடம் கிடைக்காமல் போனவர்கள் வேறு எங்காவது சேர்ந்தார்களா என்று பார்த்தால், கிட்டத்தட்ட எவரும் சேரவில்லை. இது இல்லாவிட்டால் படிக்கவே போகாதவர்களுக்குத்தான் இது வழி திறந்திருக்கிறது. ராத்தாவும் அப்படித்தான்.

அமெரிக்கர்களுக்கு மலிவானது நமக்கு மலிவல்ல என்பதையும் சொல்லவேண்டும். 2022இன் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய். அதே வருடம் மே மாதமளவில் 360ஐத் தாண்டியது. 7000 டொலர் 14 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாகிவிடும். பாடம் பாடமாகப் பணம் கட்டலாம் என்பதால்தான் ராத்தா துணிந்தார்.

ஜனவரியில் படிப்புத் தொடங்கியது. ஒப்படைகளை ஞாயிறு நள்ளிரவுக்குள் அனுப்பவேண்டும். யாருடைய நள்ளிரவு? உலகில் கடைசியாக ஞாயிறு முடியும் இடத்தின் நள்ளிரவு. நம் நேரத்தில் அது திங்கள் மாலை 5.29. ராத்தாவின் வேலை முடிவதும் மாலை ஐந்தரைக்குத்தான்! ஆகவே ஞாயிறே முடித்தாகவேண்டும். ஞாயிறுகளில் பிள்ளை “சாச்சி, சாச்சி” என்று என் பின்னால்தான்.

பரீட்சையும் வீட்டிலேயேதான். கெமரா முன்னால் அறையைச் சுற்றிக் காட்டி, கதவை மூடி எழுதவேண்டும். இன்னொருவர் குரல் கேட்கக்கூடாது. பிள்ளை தூங்கட்டும் என்று ராத்தா இரவு பதினொரு மணியைத் தெரிவு செய்தார். அன்றைக்கென்று பிள்ளைக்குக் காய்ச்சல். அழுகைச் சத்தம் அறைக்குள் போகக்கூடாதென்று நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் ஒன்றரை மணிவரை நடந்தேன். மறுநாள் எனக்குப் பௌதிகவியல் அலகுப் பரீட்சை. 38 புள்ளிகள்.

“உங்கட படிப்புக்கு என்ட மார்க்ஸா ராத்தா?” என்று கேட்டுவிட்டேன். உம்மா என்னை அதட்டினார். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கிழமைக்குப் பத்து மணித்தியாலம் படிக்கிறார். அதில் நான்கு அவருடைய தூக்கத்திலிருந்து வந்தது. மூன்று என்னுடையது, இரண்டு உம்மாவுடையது. மச்சானுடையது ஒன்று; அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும். மச்சான் அந்தத் தாளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஞாயிறு காலையில் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். முதல் ஞாயிறு பிள்ளைக்குத் தொப்பி போட மறந்துபோனார், பரவாயில்லை.

தங்கள் மகளோ மருமகளோ இப்படிப் படிக்கப் போவதாகச் சொன்னால், பெற்றோர் கட்டணத்தைக் கேட்பதுடன் அந்தத் தாளையும் கேட்கவேண்டும் என்பது எனது கருத்து. ஒப்படை முடியும் நேரம் நம் நாட்டில் எத்தனை மணி, ஒரு பருவத்தை இடைநிறுத்தலாமா, பணத்தை ஒரேயடியாகக் கட்டவேண்டுமா என்பனவும் சேருமுன்பே கேட்கவேண்டியவை. உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமல் போகும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தகவல்: கொழும்பில் 2000ஆம் ஆண்டு முதல் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் நடக்கிறது. முதுமாணிக்கு அந்த வழியாகவும் போகலாம்.

ராத்தா இரண்டு அடிப்படைப் பாடங்களிலும் ‘பி’ எடுத்துவிட்டார். அடுத்த பருவம் ஓகஸ்டிலிருந்து டிசம்பர் வரை. எனது உயர்தரப் பரீட்சை நவம்பரில். ஒரு பருவத்தை விடுவதற்கு அந்தப் பாடநெறியில் இடமிருக்கிறது. இந்த முறை அவர் எதற்கும் பதியவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. இப்போது ஞாயிறுகளில் அந்த மேசையில் எனது கடந்தகால வினாத்தாள்கள் இருக்கின்றன. கதவை ராத்தா வெளியிலிருந்து மூடிவிட்டுப் போகிறார்.