அத்தியும் சீமையத்தியும்

‘அத்தி பூத்தாற்போல’ என்னும் தொடர் தமிழர் நாவில் நாள்தோறும் பயில்வது. நெடுநாள் வாராத உறவினர் வாயிலில் வந்து நின்றால் இதனைச் சொல்லியே வரவேற்கிறோம். அத்தியின் பூவைக் கண்டார் எவருமிலர். ஆகவே அரிதினும் அரிது என்னும் பொருள் இதற்கு வாய்த்தது. பூவாது காய்க்கும் மரங்களைக் ‘கோளி’ என்னும் பெயரால் முன்னோர் சுட்டினர். பெரும்பாணாற்றுப்படையிலேயே இச்சொல் ஆளப்பட்டுள்ளது. ஆங்குப் பலாவும் கோளியாகவே பேசப்படுகின்றது. பலா பூப்பதைப் பலாமரம் உள்ள வீட்டார் அறிவர், அது நிற்க.

குறுந்தொகையின் 24ஆம் பாடலை வகுப்பில் நடத்துங்கால் மாணவர் ஒருவர், “ஐயா, இந்த அதவம் கடையில் மாலையாகக் கோத்து விற்கும் அத்திதானா?” என வினவினார். ‘ஆம்’ என்றேன். அதற்கு முன்னரும் பல ஆண்டுகள் அவ்வாறே கூறி வந்துள்ளேன். அது பிழை என்பதை எனக்கு உணர்த்தியது நூலகமன்று; மசினகுடியில் என் அக்காள் வீட்டுக் கொல்லை.

பரணர் பாடிய அப்பாடலில் ஆற்றங்கரை அதவமரத்தின் ஒற்றைப் பழம் வீழ்கின்றது. ஏழு நண்டுகள் அதனை மிதித்துக் குழைக்கின்றன. ஊரார் அலருக்கு ஆளான தலைவியின் நெஞ்சிற்கு அஃது உவமையாகின்றது. அம்மரம் நம் நாட்டத்தி. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக்கொத்தாகக் காய்த்து, சிவந்து, தானே உதிர்வது. நீரோரத்தை விரும்பி வளர்வது. மாயாற்றுக் கரையில் அதனைக் கண்டவர்க்கு நண்டும் பழமும் ஒருங்கே வந்த காரணத்தை உரையாசிரியர் விளக்க வேண்டுவதில்லை.

கடையில் மாலையாகத் தொங்குவதோ மேற்காசியாவைத் தாயகமாகக் கொண்ட சீமையத்தி. நம் இல்லங்களில் அதனை ‘அஞ்சீர்’ என்போம், பாரசீகச் சொல். திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயம் ‘அத்தீன்’ எனப் பெயர் பெற்றது இதனாலேயே. மசினகுடி கன்னட நாட்டு எல்லையை அடுத்த ஊராதலின் அங்குள்ளார் பலர்க்குக் கன்னடமும் பழக்கம். அம்மொழி நாட்டத்தியை ‘அத்தி’ என்றும், மற்றதை ‘அஞ்சூர’ என்றும் இருவேறு சொல்லால் பிரித்துவிடுகின்றது. நாமோ ‘சீமை’ என்னும் அடையைச் சேர்த்தோம். பின்னர் அந்த அடையையும் உதறிவிட்டோம். என் பிழைக்கு அதுவே வழிகோலிற்று.

இரண்டிற்கும் பொதுவான வியப்பு ஒன்றுண்டு. நாம் பழம் எனக் கையில் எடுப்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. சதைப்பற்றுள்ள காம்பு குடம்போல் குவிந்து நூற்றுக்கணக்கான நுண்பூக்களைத் தன்னகத்தே மூடிக்கொள்கின்றது. தமிழ் மாணவர்க்கு விளங்கச் சொன்னால், புறத்தே பூவாமல் அகத்தே பூக்கும் மரம் அது. குடத்தின் நுனியில் ஒரு சிறு கண் உண்டு. நாட்டத்தியில், கொசுவினும் சிறிய ஒருவகைக் குளவி அக்கண் வழியே புகுந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, உள்ளேயே மடிகின்றது. குஞ்சுகளுள் ஆண்களுக்குச் சிறகில்லை. அவை வழி குடைந்து கொடுத்துவிட்டு உள்ளேயே இறக்க, பெண்குளவிகள் மகரந்தத்துடன் பறந்து செல்கின்றன. ‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்னும் பழமொழி இதனைக் கண்ணாரக் கண்டவர் வாக்கு. ஆயினும் அவர் புழுவென்று இகழ்ந்தவை இல்லாவிடின் நாட்டத்திக்கு விதையில்லை; வழிமரபும் இல்லை.

சீமையத்தியிலும் குளவியை நாடும் இனம் உண்டு. துருக்கியின் ஸ்மிர்னா வகை அத்தகையது. அதனைக் கலிபோர்னியாவிற்குக் கொண்டுசென்றோர், மரம் வளர்ந்தும் பழம் முதிராது உதிர்வது கண்டு திகைத்தனர்; 1899இல் குளவியையும் வருவித்து நிலைபெறச் செய்த பின்னரே காய் கனியாயிற்று. நம் நாட்டில் வளர்க்கப்பெறும் வகைகளுக்கு இத்தொல்லை இல்லை. பூனா, தினகர், டயானா, கொனாட்ரியா, பிரௌன் டர்க்கி ஆகிய யாவும் மகரந்தச் சேர்க்கையின்றியே கனிபவை. அவற்றைப் பிட்டுப் பார்க்க அஞ்ச வேண்டுவதில்லை.

உதகையிலிருந்து கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் மசினகுடி. மலையின் மழைமறைவுப் பகுதியில் ஏறத்தாழ 900 மீட்டருக்கு மேல் அமைந்தது. உதகையின் உறைபனி இங்கு அத்தியை அவ்வளவாக வாட்டுவதில்லை. கூடலூரின் பெருமழையும் இல்லை. பழுக்கும் பருவத்தில் மழை மிகின் சீமையத்தி வெடித்துப் புளித்துவிடும். இலையில் துருநோயும் பற்றும். இத்தகைய வறண்ட காற்றே அதற்கு உகந்தது.

அக்காளும் மச்சானும் முதலில் நட்டது பூனா வகை. புரந்தர் வட்டத்து அத்தி 2016இல் புவிசார் குறியீடு பெற்றதைச் செய்தித்தாளில் கண்டு, பென்சில் பருமனில் ஒரு சாண் நீளக் குச்சியை வருவித்து மண்ணில் ஊன்றினர். மூன்றாம் ஆண்டில் கொல்லை நிறையப் பழம். அவ்வாண்டுக் கோடையில் ஓரிரவு ஆண்யானை ஒன்று வந்தது. மரத்தை வேரோடு சாய்த்து, போகிற போக்கில் அண்டை வீட்டு மூதாட்டியின் மண்சுவரையும் தள்ளிச் சென்றது. அம்மூதாட்டி அன்று மகள் வீட்டிற்குச் சென்றிருந்தார். மச்சான் சுவரைக் கட்டிக் கொடுத்தார். “நம்ம வீட்டுப் பழத்துக்கு அவங்க உயிர் விலையா?” என்று அக்காள் பலநாள் உறங்கவில்லை.

யானையைக் குறை சொல்லுதல் தகாது. மசினகுடி அமைந்திருக்கும் சீகூர்ப் பகுதி யானைகளின் வழித்தடம். 2020இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வூரார் நன்கறிந்த ரிவால்டோ என்னும் யானை துதிக்கை காயமுற்றது. மக்கள் இரங்கிப் பழம் அளித்தனர். வீட்டுவாயில் அதற்குப் பழகிவிட்டது. 2021 மே மாதம் அதனைப் பிடித்து வாழைத்தோட்டத்தில் மரக்கூண்டில் அடைத்தனர். ஆகஸ்டில் முதுமலைக் காட்டினுள் கொண்டுபோய் விட, சில நாளிலேயே வாழைத்தோட்டத்திற்கு நடந்தே திரும்பியது. பழத்தின் நினைவு அத்தகையது.

இப்பொழுது அக்காள் வீட்டில் அத்தி தரையில் இல்லை. மொட்டைமாடியில் தொட்டிகளில் உள்ளது. பாதியாக அறுத்த பீப்பாய், அடியில் துளை, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் சமபங்கு. வேர் ஒடுங்கினால் அத்திக்குக் கேடில்லை. புதுத்தளிரின் இலைக்கணுவிலேயே காய் பிடிப்பதால் ஆண்டுக்கொருமுறை கவாத்துச் செய்கின்றனர். அதன் பால் தோலில் பட்டால் அரிக்குமாதலின் கையுறை வேண்டும். அணிலுக்கும் வௌவாலுக்கும் வலை. பழுத்தவற்றை அன்றன்றே பறித்துவிடுவது கண்டிப்பான விதி. வாசம் இரவைக் கடக்கலாகாது.

பறித்தபின் அத்தி மேலும் பழுப்பதில்லை. கடைக்காரர் தொலைவழிக்கு அஞ்சிச் செங்காயாகப் பறிப்பார். நாமோ காம்பு துவண்டு, தோல் கீறி, கண்ணில் ஒரு துளி தேன் கசியும்வரை காத்திருக்கலாம். வீட்டில் வளர்ப்பதன் முழுப்பயனும் இதுவே. டயானா பொன்மஞ்சள் தோலும் மிகுந்த இனிப்பும் உடையது. இரண்டிற்கு மேல் திகட்டும். பிரௌன் டர்க்கி செம்பழுப்புத் தோலும் இளஞ்சிவப்புச் சதையும் கொண்டது. இனிப்பு அளவானது, என் நாவிற்கு அதுவே மேல். பூனா இடைப்பட்டது, உலர்த்துவதைவிட உடன் உண்ணவே ஏற்றது.

அத்தா வாழ்நாளெல்லாம் அஞ்சீரை உலர்ந்த மாலையாகவே அறிந்தவர். சென்ற விடுமுறையில் அவரை மசினகுடிக்கு அழைத்துச் சென்றோம். மாடியில் நாற்காலி போட்டு அமரச் செய்து, அக்காள் தட்டில் நான்கு பழம் வைத்தார். குளவி, மகரந்தம், வகை யாவற்றையும் நான் விரித்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் பிட்டு வெளிச்சத்தில் பார்த்த பின்னரே உண்டார். நான்காவது பழத்தையும் அவ்வாறே பிட்டுப் பார்த்தார்.