ஒரு சீட்டு வித்தைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சீட்டு வித்தை விற்பவர்களின் விளம்பர வீடியோவில் நான் முதலில் பார்ப்பது வித்தைக்காரரின் கையை அல்ல, படம் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான். ஒருவர் சீட்டை எடுக்கிற நொடிக்கும் அது மாறித் தெரிகிற நொடிக்கும் நடுவில் வெட்டு விழுந்திருந்தால், நாம் பாடுபட வேண்டிய வேலை முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில், சுற்றி ஆட்களை வைத்து எடுத்த வீடியோ இல்லாத வித்தைக்கு நான் காசு கொடுப்பதில்லை. ரகசியம் தெரிந்த பிறகு எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து, நான் காட்டப்போகிற இடம். கொடுங்கையூரில் எனக்குக் கிடைப்பது பிறந்தநாள் வீட்டு மொட்டைமாடி, முத்தமிழ் நகர்ப் பக்கம் ஷாமியானா போட்ட தெரு, பள்ளி ஆண்டுவிழா. மேடை அமைவது அபூர்வம். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னாலும் வந்து நிற்பார்கள். வித்தை முடிந்ததும், “இன்னாண்ணா, சீட்ட ஒருதபா குடு, பாத்துட்டுத் தரேன்” என்று ஒரு கை நீளும். மூணு சீட்டும் மங்காத்தாவும் பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்குச் சீட்டு என்றாலே சந்தேகம். ஆகவே நான் கேட்கும் கேள்விகள் இவை: பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியுமா? முடிந்ததும் கட்டைக் கையில் கொடுக்கலாமா? அடுத்த கும்பல் வருவதற்குள் திரும்ப அடுக்கிவிட முடியுமா? முன்பக்கம் மட்டுமே ஆள் நிற்கலாம் என்று ஒரு வித்தை கேட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் தெருவுக்கு ஆகாது.

விலையை நான் பார்க்கும் கணக்கு எளிது. ஒரு வித்தை 1,500 ரூபாய் என்றால், நூறு பேர் முன்னால் தனித்தனியாகக் காட்டினால் ஒரு தடவைக்கு 15 ரூபாய். இரண்டு தடவை காட்டிவிட்டு அலமாரியில் போட்டால் ஒரு தடவைக்கு 750. வாங்கும் முன்பே, இப்போது காட்டுகிற எந்த வித்தையை எடுத்துவிட்டு இதை வைப்பேன் என்று யோசிப்பேன். பதில் வராவிட்டால் வேண்டியதில்லை.

என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பையன்களிடம் இன்னொன்றும் சொல்வேன். பால் கரி 1942-ல் வெளியிட்ட ‘அவுட் ஆஃப் திஸ் வேர்ல்டு’ சாதாரணச் சீட்டுக்கட்டில் செய்வது. கறுப்பு எது, சிவப்பு எது என்று பார்க்காமலே எதிரில் இருப்பவர் பிரித்து வைக்கிறார். திருப்பினால் எல்லாம் சரியாக இருக்கும். எண்பது வருடம் தாண்டியும் அதன் வீரியம் குறையவில்லை. 1948-ல் ஜீன் ஹியூகார்டும் ஃபிரெடரிக் பிராவும் எழுதிய ‘தி ராயல் ரோடு டு கார்டு மேஜிக்’ என்ற ஒரே புத்தகத்தில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கைப்பழக்கமும் வித்தைகளும் இருக்கின்றன. ஒற்றை வித்தையின் விலை அந்தப் புத்தகத்தின் விலையைத் தாண்டினால், அதில் கிடைக்காத எது இதில் இருக்கிறது என்று விற்பவர் எனக்குக் காட்ட வேண்டும்.

இதற்காகப் புதியது எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘இன்விசிபிள் டெக்’ ஒன்றுக்கு யோசிக்காமல் காசு கொடுக்கலாம். 1936-ல் ஜோ பெர்க் கொண்டுவந்த ‘அல்ட்ரா மென்டல்’ வழியில் வந்தது அது. பார்வையாளர் மனதில் ஆர்ட்டின் ராணியை நினைக்கிறார். கட்டில் அந்த ஒரு சீட்டு மட்டும் தலைகீழாகக் கிடக்கிறது. கைத்திறன் அதிகம் வேண்டாம், பேச்சுத்தான் வேண்டும். கட்டைக் கையில் கொடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் சட்டைப்பையில் அதே முதுகு டிசைனில் ஒரு நல்ல கட்டு இருந்தால் அந்தக் கவலையும் தீர்ந்தது. இப்படிப் புதிதாகச் செய்த ஒருவரின் யோசனைக்குக் கொடுக்கும் பணத்தை நான் வீண் என்று நினைப்பதே இல்லை. அதே சாமானைப் பார்த்துப் பாதி விலைக்குச் செய்து விற்கும் போலியை வாங்காதீர்கள். யோசித்தவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போய்ச் சேராது.

கடைசியாக, எங்கள் ஊர்க் காற்று. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடலை ஒட்டிய இந்தப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காகிதச் சீட்டு ஈரம் குடித்து வளைந்துவிடும். விசேஷப் பூச்சுப் பூசிய சீட்டில் ஒட்டவேண்டியது நழுவும், நழுவவேண்டியது ஒட்டும். அதனால் சீட்டு தேய்ந்தால் அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா, முழு செட்டையும் மறுபடி வாங்க வேண்டுமா என்று கடையில் கேட்டுவிடுவேன். முழு செட்டுதான் என்றால், எழுதியிருக்கும் விலையை இரண்டால் பெருக்கிக்கொண்டு மேலே சொன்ன கணக்கைப் போடுவேன்.